ஜெயிக்க மாட்டார் என்று தெரிந்தே போட்ட ஓட்டு

கார்த்தி,

இந்தக் கடிதத்தை உன்னால் படிக்க முடியாது. அது தெரிந்துதான் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் நீ வேகமாகக் கண்ணை ஓட்டிவிட்டு, மூன்றாவது வரியிலேயே எனக்கு என்ன பதில் சொல்லிச் சமாளிக்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவாய். தேர்தல் பிரச்சாரம் பண்ணுகிற உன் வேலை அப்படி. தமிழில் இருந்தால் யாராவது வாசிக்க, நீ உட்கார்ந்து கேட்டுத்தான் ஆகவேண்டும். அப்பாவை வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். பிரைமரி வேலையெல்லாம் முடிந்து நீ குபெர்டினோ வீட்டுக்கு வரும்போது நான் கோபிச்செட்டிபாளையத்தில் இருப்பேன். செவ்வாய்க்கிழமை எனக்கு ஃபிளைட். அன்றைக்குத்தான் கலிஃபோர்னியாவில் ஓட்டுப்பதிவு என்பதை நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. கோர்ட் கொடுத்த கெடு அந்த வாரத்தோடு முடிகிறது, டிக்கெட் அன்றைக்குத்தான் கிடைத்தது.

ஏனுங்க, நீங்கள் இடையில் எங்கேயும் நிறுத்தாமல் வாசியுங்கள். தொண்டையைச் செருமுவதாக இருந்தால் இப்போதே செருமிக்கொள்ளுங்கள். உங்களைப் பற்றியும் இதில் வருகிறது, அந்த இடத்தைத் தாண்டிவிட்டு வாசித்தால் அவனுக்குத் தெரியாது, ஆனால் எனக்குத் தெரிந்துவிடும்.

கேட்பவர்களிடமெல்லாம் ஊரில் தாத்தாவின் வீட்டை விற்கிற விஷயமாகப் போகிறேன், வர நாளாகும் என்று சொல்லி வைத்திருக்கிறோம். தலையாட்டுகிறார்கள். எல்லோருக்கும் விஷயம் தெரியும். கிரீன் கார்டில் இருந்த நான், சிட்டிசன் ஆகாத நான், நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு பிரைமரியில், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற ஓட்டுப்பதிவில், ஓட்டுப் போட்டேன். அதற்காக இந்த நாடு என்னைக் கிளம்பச் சொல்லிவிட்டது. திருடியிருந்தால்கூட அபராதம் கட்டிவிட்டு இருந்திருக்கலாம் என்று நம் வக்கீல் அம்மா சொன்னார். அவர் ஆறுதலுக்குச் சொன்னார், எனக்கு அது ஆறுதலாக இல்லை.

உனக்கு இது தெரிந்ததுதான். ஆனால் கோர்ட்டில் நான் என்ன சொன்னேன் என்பது உனக்குத் தெரியாது. நீ வரவில்லை. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அப்பாவிடம் நான்தான் கேட்டுக்கொண்டேன். அதைச் சொல்லாமலே போய்விடலாம் என்றுதான் முதலில் இருந்தேன். அப்புறம் பெட்டியில் சேலைகளை அடுக்கும்போது, நான் ஏன் எல்லாவற்றையும் மென்று முழுங்கிக்கொண்டு போகவேண்டும் என்று எரிச்சல் வந்துவிட்டது. நீயும் தெரிந்துகொள். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

உன்னுடைய ஆள் ஜனாதிபதி பதவிக்கு முதல் தடவை நின்ற வருஷத்தை நினைத்துப் பார். அவர் ஏதோ சின்ன மாநிலத்தில் கவர்னராக இருந்தவர். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, மேடை விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து பேசுவார். கேள்வி கேட்டவனின் பெயரை ஞாபகம் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் கழித்து அவன் பெயரைச் சொல்லியே பதில் சொல்வார். டி.வி.யில் அவர் வந்தால் நம் வீட்டில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கேட்போம். அந்தக் குளிர்காலம் முழுக்க நம் சனிக்கிழமைச் சாப்பாட்டுக் கூட்டத்தில் வேறு பேச்சே கிடையாது. இதில் வேடிக்கை என்ன என்றால், அந்தக் கூட்டத்தில் ஓட்டு இருந்தவர்கள் உன் அப்பா, நடராஜன் அங்கிள், ஃபிலோ ஆன்ட்டி, அப்புறம் புதிதாகப் பதினெட்டு முடிந்த நீ. மற்றவர்கள் எல்லாம் எச்-ஒன் வேலை விசாவிலும் கிரீன் கார்டு வரிசையிலும் நின்றவர்கள். அவர்கள்தான் தொண்டை வற்றும்வரை விவாதம் செய்தார்கள்.

நடராஜன் அங்கிள் சோபாவில் நடுவாக உட்கார்ந்துகொள்வார். வரி கட்டுவதில் இருந்து வயிற்றுப் புண் வரை அவருக்குத் தெரியாதது கிடையாது என்பது நம் வட்டாரத்தில் முடிவாகிவிட்ட விஷயம். "ஆளு சூப்பரா பேசறாருப்பா, ஒத்துக்கறேன்," என்பார். "ஆனா முதல்ல ஓட்டு நடக்கற அயோவா போச்சு. நியூ ஹாம்ப்ஷயர்ல செகண்ட். பார்ட்டில இருக்கற பெரிய தலைங்க எல்லாம் அந்தப் பக்கம் நிக்கறாங்க. மேத்ஸ் ஒர்க் அவுட் ஆகாது."

ஃபிலோ ஆன்ட்டி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் நிற்பாள். பெண்கள் பக்கம் அவளுக்குப் போரடிக்கும், ஆண்கள் பக்கம் அவளுக்கு நாற்காலி போடமாட்டார்கள். "ஜெயிக்க மாட்டாரு, ஜெயிக்க மாட்டாருன்னு சொல்லிச் சொல்லியே நீங்கதான் அவர தோக்கடிப்பிய," என்பாள். "எங்க ஆஸ்பத்திரில நர்ஸுமார் எல்லாரும் அவருக்குத்தான் போடப் போறோம். நீங்க கணக்குப் போட்டுட்டு இரிங்க." நாகர்கோவிலில் இருந்து வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் கோபம் வந்தால் அவளுக்கு அந்த ஊர்ப் பேச்சுதான் வரும்.

உன் அப்பா வழக்கம்போல இரண்டு பக்கமும் தலையாட்டுவார். "எனக்கும் அவரப் புடிக்கும். ஆனா ஜெயிக்கறவனுக்குப் போட்டாத்தானுங்க ஓட்டுக்கு மரியாதை. வேஸ்ட் பண்ணக் கூடாது பாருங்க."

"தட்ஸ் சோ சினிக்கல், அப்பா," என்று மாடிப்படியில் இருந்து நீ கத்துவாய். உன் பனியனில் அவர் முகம் இருக்கும். "அவரைப் புடிச்ச எல்லாரும் அவருக்கு வோட் பண்ணா ஹி வின்ஸ். இட்ஸ் தட் சிம்பிள்." எச்-ஒன் பையன்கள் உனக்குக் கை தட்டுவார்கள்.

ஒரு சனிக்கிழமை நான் வடை தட்டிக்கொண்டே, "அவரு தோத்துருவாருங்க," என்றேன். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. நடராஜன் அங்கிள், "என்னப்பா, கிச்சன்ல இருந்து எக்ஸிட் போல் வருது," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை, அடுத்த ஈடு வடைதான் கேட்டார்கள்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கோபியில் நம் வீட்டில் தாத்தா ஒரு கட்சிக்குப் பூத் ஏஜென்டாக இருந்தவர். நான் கல்லூரி படிக்கும்போது தேர்தல் வந்தால் எங்கள் வார்டு முழுக்க ஓட்டர் சிலிப் எழுதிக் கொடுத்தது நான்தான். பெரிய பெரிய பேச்சாளர்கள் வந்து மைதானம் நிரம்பி வழிந்து, அந்த ஆட்களே டெபாசிட் போய் நின்றதைப் பார்த்திருக்கிறேன். சான் ஹோஸேயில் உன் ஆள் பேச வந்தபோது நீ என்னையும் அழைத்துக்கொண்டு போனாயே, எல்லோரும் மேடையைப் பார்த்தார்கள், நான் கூட்டத்தைப் பார்த்தேன். எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எங்கே போய் ஓட்டுப் போடவேண்டும் என்று ஒருவராவது வந்து நீ அங்கே போட்டிருந்த மேஜையில் கேட்கவில்லை. அவர் என் இரண்டு கையையும் பிடித்து நமஸ்தே சொன்னார். சொல்லும்போதே கண் எனக்குப் பின்னால் நின்ற ஆளுக்குப் போய்விட்டது. எனக்கு அவரைப் பிடிக்கவில்லை, கார்த்தி. இதை உன்னிடம் இன்றுவரை சொன்னதில்லை. எனக்குப் பிடிக்காத, ஜெயிக்க மாட்டார் என்று தெரிந்த ஒரு ஆளுக்காக நான் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஓட்டுப் பதிவு செய்கிற கார்டுகளைக் கட்டாக எடுத்துக்கொண்டு நீ அலைந்த நாட்கள் அவை. உங்கள் கல்லூரிப் பையன்களுக்குள் யார் அதிகம் சேர்ப்பது என்று போட்டி வேறு. தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் மேஜை போட்டாய், மளிகைக் கடை வாசலில் நின்றாய். பதிவுக்குக் கடைசி நாள் சாயங்காலம் மீதி இருந்த கார்டுகளோடு வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாய். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நீயே என் பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் எழுதி, பேனாவை என் பக்கம் நீட்டினாய்.

"நாஞ் சிட்டிசன் இல்லியே கண்ணு," என்றேன்.

"அம்மா, இட்ஸ் ஜஸ்ட் த பிரைமரி. இட்ஸ் எ பார்ட்டி திங். நவம்பர் எலெக்ஷனுக்குத்தான் சிட்டிசனா இருக்கணும். ஆஸ்க் நடராஜன் அங்கிள்."

நடராஜன் அங்கிள் அதற்கு முந்தின சனிக்கிழமைதான் ஹாலில் எல்லோருக்கும் பாடம் எடுத்திருந்தார். "பிரைமரிங்கறது உள்கட்சித் தேர்தல்தாம்மா. கேன்டிடேட்ட அவங்களே செலக்ட் பண்ணிக்கறாங்க. கவர்மெண்ட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது." ஊரில் இருந்து வந்த எங்களுக்கு அது சரியாகத்தான் பட்டது. எங்களுக்குத் தெரிந்த உள்கட்சித் தேர்தல் கல்யாண மண்டபத்தில் நடப்பது. ஓட்டு வயசு வராத பையன்கள்கூட உறுப்பினர் அட்டையை வைத்துக்கொண்டு கை தூக்குவார்கள், பிரியாணி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். ஒரு கட்சி தன் ஆளைத் தேர்ந்தெடுப்பதை அரசாங்கமே பெட்டி வைத்து, சட்டம் போட்டு நடத்தும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தத் தப்பை நாங்கள் செய்யலாம். நீ இங்கேயே பிறந்தவன். பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் படித்துப் பரிட்சை எழுதினவன். கையெழுத்துக்கு மேலே என்ன அச்சடித்திருக்கிறது என்று நீயாவது படித்திருக்கலாம்.

நானும் படிக்கவில்லைதான். படித்தால் புரிகிற ஆங்கிலம் எனக்கு இருக்கிறது. ஆனால் அன்றைக்கு நீ என்ன செய்தாய் தெரியுமா. நான் தயங்கியதும் என் கையில் இருந்த கீரையை வாங்கித் தட்டில் வைத்துவிட்டு, "ப்ளீஸ் அம்மா, எனக்காகப் போடு," என்றாய். தமிழில் சொன்னாய். கார் சாவி கேட்பதென்றால்கூட ஆங்கிலத்தில் கேட்கிற பிள்ளை நீ. ஹைஸ்கூல் போன நாளில் இருந்து நான் தமிழில் கேட்பேன், நீ ஆங்கிலத்தில் பதில் சொல்வாய். அவ்வளவு நாள் கழித்து உன் வாயில் இருந்து தமிழ் வந்தால் நான் என்ன அச்சடித்திருக்கிறது என்றா பார்ப்பேன். அதைக் கேட்டு ஏமாந்தேன் என்று சொல்லமாட்டேன், சந்தோஷமாகத்தான் கையெழுத்துப் போட்டேன். இப்போது உனக்கு அதுதான் தொழில். எந்த ஆளிடம் எந்தக் குரலில் ஓட்டுக் கேட்டால் மறுக்கமாட்டார் என்று கண்டுபிடிப்பது. முதலில் என்னிடம்தான் பழகிப் பார்த்தாய்.

ஓட்டுப் போட்ட நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அடுத்த தெருவில் ஒரு வீட்டுக் கார் கராஜில் பூத். புல் வெட்டுகிற மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு மேஜை போட்டிருந்தார்கள். இரண்டு வயசான வெள்ளைக்காரப் பெண்கள் என் பெயரைச் சொல்ல வராமல் சிரித்து, நோட்டில் தேடிக் கண்டுபிடித்து, கையெழுத்துப் போடச் சொன்னார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கோவிலுக்குப் போகிற மாதிரி தலைக்குக் குளித்துவிட்டுப் போயிருந்தேன். அட்டையில் உன் ஆளின் பெயருக்கு நேரே குத்தினேன். வெளியே வந்தபோது ஓட்டுப் போட்டேன் என்று அச்சடித்த ஒரு ஸ்டிக்கர் எனக்குக் கொடுத்தார்கள். அதைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடு வரை நடந்தே வந்தேன். இந்த ஊரில் நான் குடி வந்து அவ்வளவு வருஷத்தில் அன்றைக்குத்தான் இங்கே இருக்கிற ஆள் மாதிரி நடந்தேன். அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தால் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

உன் அப்பா அன்றைக்கு ஓட்டுப் போடவில்லை. ஆபீஸில் சிப் டிசைனை அனுப்புகிற கடைசி நாள், வரமுடியவில்லை. வாசியுங்கள், நிறுத்தாதீர்கள். நடராஜன் அங்கிள் ரவுண்ட் ராக்கில் ஏதோ மீட்டிங் என்று டெக்ஸாஸ் போய்விட்டார். தபால் ஓட்டுக்கு எழுதிப்போட அவருக்கு நேரமில்லையாம். மாதக்கணக்காக ஜெயிப்பாரா மாட்டாரா என்று பிய்த்து உதறிய கூட்டத்தில், போனது ஃபிலோ ஆன்ட்டியும் நீயும் நானும்தான். அதில் ஒருத்திக்கு உரிமை கிடையாது. உன் ஆள் தோற்றார். சாயங்காலமே டி.வி.யில் சொல்லிவிட்டார்கள். நீ ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய், தோசை வார்த்துக் கொண்டுவந்து கதவைத் தட்டினேன். அடுத்த சனிக்கிழமை அவர் ஏன் தோற்றார் என்று நடராஜன் அங்கிள் விளக்கினார்.

அதோடு மறந்தும்விட்டேன். அப்புறம் தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்தது. கிரீன் கார்டை வைத்துக்கொண்டு மாசக்கணக்கில் ஊரில் இருந்தால் திரும்பி வரும்போது சிக்கல். அதனால்தான் அவ்வளவு வருஷம் விட மனசில்லாமல் வைத்திருந்த இந்தியா பாஸ்போர்ட்டை விட்டுவிடலாம், சிட்டிசன் ஆகிவிட்டால் நினைத்தபோது போகலாம், வேண்டுமளவு தாத்தாவோடு இருக்கலாம் என்று விண்ணப்பித்தேன். இன்டர்வியூவுக்கு எல்லாக் கேள்வியும் மனப்பாடம். அந்த ஆபீசர் நல்ல மனுஷன், என் உச்சரிப்பைக்கூடப் பாராட்டினார். என் வலது கையைத் தூக்கச் சொல்லி, உண்மைதான் சொல்வேன் என்று சத்தியம் வாங்கினார். எந்தத் தேர்தலிலாவது ஓட்டுப் போட்டிருக்கிறீர்களா என்று கேட்டார். பரிட்சையில் தெரிந்த கேள்வி வந்த மாதிரி, "யெஸ் சார், ஒரு தடவை, பிரைமரியில்," என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, பாவமாக என்னைப் பார்த்துவிட்டு, மேலதிகாரியைக் கூப்பிட எழுந்து போனார். வெளியே உன் அப்பா சன்னிவேலில் எந்த ஓட்டலுக்குச் சாப்பிடப் போகலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

கேஸ் என்று ஆனபின் நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப விடமாட்டார்கள் என்று வக்கீல் அம்மா சொல்லிவிட்டார். அதனால் போகவில்லை. தாத்தா போய்ச் சேர்ந்தார். அதற்கு முன்னால் ஒரு நாள் என் தம்பி போன் ரிசீவரை அவர் காதில் வைத்தான், நான் ஏதோ பேசினேன், அவருக்குக் கேட்டதா என்று தெரியாது. யாருக்காகச் சிட்டிசன் ஆக நினைத்தேனோ அவரும் இல்லை, சிட்டிசனும் ஆகவில்லை. இதற்காக உன்னைத் திட்டவேண்டும் என்று அப்போது தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது.

நடராஜன் அங்கிள் ஒரு நாள் பழக்கூடையோடு வந்தார். "நான் ஜெனரலா சொன்னேம்மா. லீகல் அட்வைஸா சொல்லல," என்றார். டீ கொடுத்தேன், குடித்துவிட்டு, இந்தத் தடவை உன் ஆளுக்கு நல்ல சான்ஸ் இருக்கிறது, கணக்கு சரியாக வருகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

வக்கீல் அம்மா ஒரே ஒரு வழி சொன்னார். "உங்க பையன் வந்து, கார்டை நிரப்பினது நான், போடலாம்னு சொன்னதும் நான்னு ஜட்ஜ் முன்னாடி சொன்னா, நீங்க தெரிஞ்சு செய்யலன்னு அவங்க நம்ப வாய்ப்பு இருக்கு." அதைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. இதென்ன பெரிய விஷயம், நடந்ததை நடந்தபடி சொல்வதுதானே என்று நினைத்தேன். நீ அயோவாவில் இருந்தாய். உன் ஆள் மறுபடி நிற்கிறார், இந்த முறை உனக்குச் சம்பளமும் பதவியும் உண்டு. போனில் விஷயத்தைச் சொன்னேன். உனக்குப் பின்னால் யாரோ சிரிக்கிற சத்தமும் போன் மணிகளும் கேட்டன.

"அம்மா," என்றாய். "ஐ டோன்ட் ரிமெம்பர் இட் லைக் தட்."

நான் கீரை ஆய்ந்தது, நீ பேனாவை நீட்டியது எல்லாம் சொன்னேன். "மே பி யூ ஆஸ்க்டு மி ஃபார் த கார்ட்," என்றாய். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இது வெளிய வந்தா ஐ அம் ஃபினிஷ்டு. அண்ட் தே வில் யூஸ் இட் அகெய்ன்ஸ்ட் ஹிம்," என்றாய். உன் வாழ்க்கை போய்விடும் என்று நீ பயந்ததைக்கூட நான் புரிந்துகொள்வேன், எந்தத் தாயும் புரிந்துகொள்வாள். ஆனால் அந்த இரண்டாவது வாக்கியத்தில் உனக்கு இருந்த கவலை அந்த ஆளைப் பற்றியது. அவர் ஜெயிக்கவேண்டும். அம்மா இங்கே இருப்பாளா மாட்டாளா என்பது அதற்கப்புறம். அந்தப் போனை வைத்துவிட்டு நான் அழவில்லை. அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்து வைத்தேன்.

அம்மா என்றால் புத்தி சொல்லவேண்டும் அல்லவா, ஒன்றே ஒன்று சொல்கிறேன். உன்னிடம் மாட்டேன் என்று சொல்லமுடியாதவர்களிடம் எதையும் கேட்காதே. ஓட்டும் கேட்காதே, கையெழுத்தும் கேட்காதே. நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வருவாள், பிள்ளை வரும், அவர்களிடமும் கேட்காதே. கதவைச் சாத்திவிட்டுப் போகக்கூடியவனிடம் போய்க் கேள். அவன் சரி என்றால் அது உனக்குக் கிடைத்த ஓட்டு. நான் போட்டது நீ வாங்கின ஓட்டு இல்லை, எடுத்துக்கொண்ட ஓட்டு.

இனி கோர்ட். சான் ஃபிரான்சிஸ்கோவில் சின்ன அறை. அப்பாவும் ஃபிலோ ஆன்ட்டியும் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மகன் வரவில்லை என்றாலும் பரவாயில்லை, நடந்ததை உங்கள் வாயால் சொல்லுங்கள், மகன் பெயரைத் தயங்காமல் சொல்லுங்கள் என்று வக்கீல் அம்மா காரிலேயே மறுபடியும் சொல்லிக் கொடுத்திருந்தார். நானும் சொல்வதாகத்தான் இருந்தேன். மனசில் அவ்வளவு கோபம். என் ஆங்கிலம் போதாது என்று போனில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்திருந்தார்கள். ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது. யாழ்ப்பாணத் தமிழ், வயசானவர் போலிருந்தது. எந்த ஊரில் இருந்து பேசினாரோ தெரியாது.

அரசாங்க வக்கீல் சின்ன வயசுக்காரர், உன்னை விட நாலைந்து வயசு கூட இருக்கும். கார்டில் இருக்கிற எழுத்து என்னுடையது மாதிரி இல்லையே என்று ஆரம்பித்தார். நிரப்பின ஆள் யாராக இருந்தாலும் அவர் பெயரும் இப்போது இருக்கிற முகவரியும் வேண்டும் என்றார். சொல்லிவிட்டு மஞ்சள் தாள் நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, பேனா மூடியைக் கழற்றி, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"அம்மா, அந்தக் கார்டை ஆர் நிரப்பினது எண்டு கேக்கினம்," என்றது ஸ்பீக்கர். "வோட் போடலாம் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

அந்தப் பேனா முனையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது உன் பெயரை எழுதும், அப்புறம் வேறு ஏதோ ஆபீஸுக்குப் போகும், யாரோ வந்து உன் கதவைத் தட்டுவார்கள். நீ அயோவாவின் பனியில் நின்று யாரிடமோ கை குலுக்கிக்கொண்டிருப்பாய். வாயில் வரை வந்த பெயர் உள்ளே போய்விட்டது. பாசம் என்று நினைத்துக்கொள்ளாதே. அந்த நிமிஷம் எனக்கு உன்மேல் பாசம் இல்லை. உன் பெயரை அந்த ஆளிடம் கொடுக்கக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

"யாரும் சொல்லலீங்க," என்றேன். "நானாத்தான் போட்டேன். கார்டையும் நாந்தான் நிரப்புனேன். எம் பையனுக்கு இதுல ஒண்ணும் தெரியாதுங்க."

யாரும் உன்னைப் பற்றிக் கேட்கவே இல்லை, நானாக அந்தக் கடைசி வரியைச் சொன்னேன். எங்கள் மேஜையில் வக்கீல் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். பின்னால் ஃபிலோ ஆன்ட்டி, "அட கடவுளே," என்றது காதில் விழுந்தது. லைன் போய்விட்டதோ என்று நீதிபதி போனை எட்டிப் பார்த்தார். பிறகு அந்தப் பெரியவர், மெதுவாக, "அப்பிடியே சொல்லவோ, அம்மா?" என்று கேட்டார். எங்கேயோ இருக்கிற, முகம் தெரியாத ஒரு மனுஷனுக்கு நான் பொய் சொல்கிறேன் என்று புரிந்துவிட்டது. கடைசியாக ஒரு வழி விடுகிறார் என்று எனக்கும் புரிந்தது.

"அப்படியே சொல்லுங்க," என்றேன்.

சொல்லிவிட்டார். இந்த நாட்டில் நான் கையைத் தூக்கிச் சத்தியம் செய்துவிட்டுப் பேசியது இரண்டு தடவை. முதல் தடவை உண்மையைச் சொன்னேன், அதில் வந்ததுதான் இவ்வளவும். இரண்டாவது தடவை சொன்னதை எல்லோரும் நம்பி எழுதிக்கொண்டார்கள். அதை இனி யாரும் மாற்ற முடியாது. நீ எந்தப் பதவிக்கு வந்தாலும், எவன் வந்து தோண்டினாலும், காகிதத்தில் இருக்கப்போவது அதுதான்: உன் அம்மா யார் பேச்சையும் கேட்காமல், தானாகவே நடந்து போய், உன் ஆளுக்கு ஓட்டுப் போட்டாள்.

அம்மா